எடை எழுதாத மருந்துச் சீட்டு

மாதம் ஒருமுறை நான் மருந்து வாங்கப் புறப்படுகிறேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏழெட்டு மருந்துக் கடைகள் இருந்தும், என் பேரனுக்கு வேண்டிய மாத்திரையை விற்பதற்குரிய தனி உரிமம் பெற்ற கடை எங்களுக்குத் தெரிந்து தியாகராய நகரில்தான் இருக்கிறபடியால், லஸ் முனையில் பஸ் ஏறிப் பனகல் பூங்கா அருகே இறங்கி, புடவைக் கடைகளின் கூட்டத்தினூடே சற்று நடந்து அங்கே போய்ச் சேருகிறேன். கடைக்காரர் சீட்டின் இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். தேதியையும் கையொப்பத்தையும் சரிபார்க்கிறார். உள்ளே போய்ப் பூட்டிய இழுப்பறையைத் திறந்து மாத்திரைகளை எண்ணி எடுத்து, பெரிய பதிவேடு ஒன்றில் விவரங்களை எழுதிக்கொண்டு, ஒரு பிரதியைத் தம்மிடம் நிறுத்திக்கொண்ட பிறகே உறையை என் கையில் கொடுக்கிறார்.

மெத்தில்ஃபெனிடேட் என்பது அந்த மருந்தின் பெயர். ஏ.டி.எச்.டி. என்று ஊரெல்லாம் சொல்லப்படுகிற கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுக்காகக் கொடுக்கப்படுவது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் சேர்ந்திருப்பதால், இதைப் பூட்டித்தான் வைக்கவேண்டும், சீட்டை இரண்டு பிரதிகளாகத்தான் எழுதவேண்டும், அவற்றில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷ காலம் பத்திரப்படுத்தவேண்டும் என்பதெல்லாம் சட்டம். இதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. துஷ்பிரயோகத்துக்கு இடமுள்ள ஒரு வஸ்துவை அரசாங்கம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காப்பது நியாயமே. ஆனால், ஒவ்வொரு மாத்திரையும் யார் வீட்டுக்குப் போயிற்று என்று இரண்டு வருஷத்துக்குப் பின்னும் சொல்லக்கூடிய ஏற்பாடு இருக்கிற ஒரு தேசத்தில், அந்த மாத்திரையை விழுங்கிய குழந்தையின் எடை என்ன ஆயிற்று என்று சொல்லக்கூடிய துண்டுக் காகிதம்கூட எங்கள் வீட்டிலோ, பள்ளியிலோ, மருத்துவமனையிலோ இருக்கவில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது ஒரு தையற்காரரிடமிருந்து.

பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம், வழக்கம்போல் சீருடை தைக்கக் கொடுக்கப் போயிருந்தோம். அவர் வாடிக்கைக்காரர்களின் அளவுகளை ஒரு நீள நோட்டில் வருஷவாரியாக எழுதி வைத்திருப்பவர். பையனின் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தவர், நோட்டைப் புரட்டினார், மறுபடியும் அளந்தார். "என்ன சார், உயரம் ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கு, இடுப்பு ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கே. தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். மாத்திரை தொடங்கிய பிறகு அந்தக் குழந்தையின் சரீரத்தில் நேர்ந்ததைப் பற்றி இந்த நகரத்தில் இருந்த ஒரே பதிவேடு அதுதான்.

அன்று சாயங்காலமே எடை பார்த்தோம். 26 கிலோ 500 கிராம். அதற்கு முந்திய ஆகஸ்டில், மாத்திரை தொடங்கிய மாதத்தில், பள்ளியில் எடுத்த எடை 28 கிலோ என்று பழைய உடல்நலச் சீட்டு ஒன்றைத் தேடியெடுத்து என் மகள் காட்டினாள். வளர்கிற பையன் அந்தப் பத்து மாதங்களில் இரண்டு கிலோவாவது கூடியிருக்கவேண்டும். ஆகவே குறைந்தது ஒன்றரை கிலோ மட்டுமன்று, கூடாமற்போனதையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

அந்தப் பத்து மாதங்களில் ஐந்து தடவை மருத்துவரைப் பார்த்திருந்தோம். வகுப்பில் உட்காருகிறானா, ஆசிரியை என்ன சொல்கிறார், எழுத்து எப்படி இருக்கிறது, தூங்குகிறானா என்றெல்லாம் அக்கறையோடு கேட்ட அவர், ஒரு முறையாவது எடை இயந்திரத்தின் மேல் ஏறச் சொன்னதில்லை. அவரை மாத்திரம் குறைசொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஒரு பக்கக் கணக்கை எழுந்திருக்காமல் போட்டு முடித்ததையும், நண்பன் ஒருவன் முதல்முறையாகப் பிறந்தநாளுக்கு அவனை அழைத்ததையும், "தாத்தா, இன்னிக்கு டீச்சர் என்னைத் திட்டவேயில்லை" என்று அவன் ஓடிவந்து சொன்னதையும் கண்டு எங்களுக்கு உண்டான ஆனந்தத்தில், திரும்பி வந்த சாப்பாட்டு டப்பாக்கள் எங்கள் கண்ணில் படவில்லை. படாமலென்ன, பட்டன, குறும்பு என்று நினைத்தோம். "பசிக்கலை பாட்டி, சாதம் வாயில பஞ்சு மாதிரி இருக்கு" என்று அவன் சொன்ன வாக்கியத்தை, கத்தரிக்காயைத் தவிர்ப்பதற்கு அவன் கண்டுபிடித்த புதிய உபாயமாகவே என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

இந்த மருந்துகளின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தம் பராமரிப்பில் இருந்த 30 குழந்தைகளுக்கு ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த பென்சட்ரினைக் கொடுத்துப் பார்த்து, அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் படிப்பில் வியக்கத்தக்க மாறுதல் அடைந்ததாக எழுதினார். அதற்கடுத்த முப்பது வருஷங்களில் அதே வகை மாத்திரைகளை அந்த தேசத்துப் பெண்கள் எதற்காக விழுங்கினார்கள் என்றால், உடம்பு இளைப்பதற்காக! ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில் சீபா கம்பெனியில் வேலை பார்த்த லியாண்ட்ரோ பானிட்சோன் 1944-இல் மெத்தில்ஃபெனிடேட்டை உண்டாக்கினார். டென்னிஸ் ஆடப் போகுமுன் அதை உட்கொண்டு பார்த்த தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அது ரிட்டாலின் ஆயிற்று. (மனைவியின் பெயரை மருந்துக்கு வைக்கிற தைரியம் நம் ஊர்க் கணவர்களுக்கு வராது.) ஒரு கடையில் கவனத்துக்கென்றும் மறு கடையில் இளைப்பதற்கென்றும் விற்கப்பட்ட மருந்துகளின் குடும்பம் இது. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் சீக்கிரத்தில் திரும்ப உறிஞ்சப்படாதபடி தடுத்து, அவற்றின் வேகத்தை நீடிக்கச் செய்கிற மருந்து, பாடத்தில் மனத்தை நிறுத்துகிற அதே கையால் பசியின் வாயையும் மூடிவிடுகிறது.

1972-இலேயே டேனியல் சேஃபர் முதலானோர், இம்மருந்துகளை உட்கொள்ளும் குழந்தைகளின் வளர்ச்சி தணிவதையும், கோடை விடுமுறையில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு எடை மீண்டும் வேகமாக ஏறுவதையும் எழுதிவிட்டார்கள். 579 குழந்தைகளைக் கொண்டு வட அமெரிக்காவில் நடத்தப்பட்ட பெரிய ஆராய்ச்சி ஒன்றில், மருந்தைப் புதிதாகத் தொடங்கித் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்கள், எடுத்துக்கொள்ளாதவர்களைவிட மூன்று வருஷ முடிவில் சராசரியாக 2 சென்டிமீட்டர் உயரமும் 2.7 கிலோ எடையும் குறைந்திருந்ததாக 2007-இல் தெரிவித்தார்கள். பயங்கரமான எண்கள் அல்ல. ஆனால் சராசரி என்பது எல்லாக் குழந்தைகளையும் கூட்டி வகுத்து வந்தது. நம் வீட்டுக் குழந்தை அதில் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை எடை பார்த்தால்தானே அறியலாம்?

இந்த இடத்தில் சில நண்பர்கள் குறுக்கிடுவார்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவில் என்னோடு நடப்பவர்களில் ஒருவர் குறுக்கிட்டே விட்டார்: "நாமெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டா படித்தோம்? தூக்கி எறியுங்கள், சதை தானாகப் போடும்." நாம் படித்த காலத்தில் இந்தக் குழந்தைகள் படிக்கவில்லை என்பதுதான் உண்மை, பிரம்படி பட்டு, பெஞ்சின் மேல் நின்று, எட்டாவதோடு பள்ளியை விட்டு மறைந்துபோனவர்களில் எத்தனை பேர் இவர்கள் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? மருந்தைத் தூக்கி எறிவதற்கு எடைக் குறைவு ஒரு காரணமாகாது. மருத்துவரிடம் மறைத்து, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்துகிற வீடுகளும் உண்டு; அவர் தாம் எழுதிய அளவு பலிக்கவில்லை என்று நினைத்து அளவை ஏற்றுவார், அப்போது பசி இன்னும் குன்றும். நான் கேட்பது நிறுத்தச் சொல்லி அல்ல, நிறுத்துப் பார்க்கச் சொல்லி.

மருந்தின் கடிகாரம் ஒன்று, சமையலறையின் கடிகாரம் வேறொன்று. தொல்லை முழுவதும் இந்த இரண்டும் ஒத்துப்போகாததில் இருக்கிறது. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையின் பலன் மூன்று நான்கு மணி நேரம். மெல்ல மெல்லக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி வரை நிற்கும். காலை ஏழு மணிக்கு நீண்ட வகையைப் போட்டுக்கொள்கிற குழந்தைக்குப் பள்ளியில் பகல் பன்னிரண்டரைக்கு மணியடிக்கும்போது பசி என்பது அகராதியில் மட்டும் இருக்கிற ஒரு சொல். அந்த நேரத்துக்கென்று நாம் சாம்பார் சாதம் ஓரடுக்கு, தயிர் சாதம் ஓரடுக்கு, பொரியல் ஓரடுக்கு என்று பிரதான ஆகாரத்தை அடைத்து அனுப்புகிறோம். அது மூடியின் உட்புறம் நீர் கோத்து, தயிர் புளித்து, அடையாறு வரை போய்வந்த களைப்போடு நாலு மணிக்குத் திரும்புகிறது. பிறகு, இரவு எட்டு மணிக்கு மருந்து இறங்கிப் பசி ஒரேயடியாக வந்து கதவைத் தட்டும்போது, "சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாதவனுக்கு இப்போது என்ன?" என்று அடுப்பை அணைத்துவிடுகிறோம்.

மருத்துவரும், அவர் அனுப்பிவைத்த ஆகார நிபுணரான அம்மையாரும் சொன்னதைக் கொண்டு எங்கள் வீட்டில் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். இவற்றில் புதுமை ஒன்றுமில்லை; பிரிட்டனின் நைஸ் என்ற சுகாதார அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் சாராம்சம் இதுதான்: மருந்தை உணவோடு அல்லது உணவுக்குப் பின் கொடு, அதன் வேகம் இல்லாத அதிகாலையிலும் இரவிலும் கூடுதலாக உண்ணச் செய், சத்தும் கலோரியும் ஒருங்கே மிகுந்த பண்டங்களைத் தேர்ந்தெடு.

முதலில் காலை. முன்பெல்லாம் எழுந்ததும் மாத்திரை, பிறகு அவசரத்தில் இரண்டு இட்லி. இப்போது ஆறேகால் மணிக்குப் பல்லைத் துலக்கியதும் இலையில் உட்காருகிறான். உட்கார்ந்து எழுந்த பிறகே மாத்திரை. வாரத்தில் இரண்டு நாள் வெண்பொங்கல், நெய் மிதக்க. ஒரு தேக்கரண்டி நெய்யில் ஏறக்குறைய 45 கலோரி, அதாவது ஒரு சிறு இட்லியின் பலம், வயிற்றில் இடமே அடைக்காமல் இருக்கிறது என்று அம்மையார் கணக்குச் சொன்னபோது, கொழுப்புக்குப் பயந்து பத்து வருஷமாக நெய்க் கிண்ணத்தை மேல் தட்டில் ஒளித்து வைத்திருந்த என் மனைவியின் முகத்தில் தோன்றிய வெற்றிப் புன்னகையை நான் மறக்க முடியாது. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு நூற்றுக்கு மூன்று; ஆரஞ்சுப் பாக்கெட்டில் ஆறு. கிழவர்களுக்கு நீலம், குழந்தைக்கு ஆரஞ்சு என்று பால்காரரிடம் சொல்லி ஆயிற்று.

பகலில் வற்புறுத்துவதில்லை. இதைச் செய்வது எல்லாவற்றிலும் கஷ்டம். ஏனெனில் அன்பு என்றால் ஊட்டுவது, உபசாரம் என்றால் "இன்னும் ஒரு கரண்டி" என்பது நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் பசியற்ற வாயில் திணிக்கப்பட்ட சோறு, பசி வந்த நேரத்திலும் அருவருப்பை உண்டாக்கும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். மூன்றடுக்கு போய் ஒரு சிறு டப்பா வந்தது: இரண்டு வேர்க்கடலை உருண்டை, நாலைந்து பேரீச்சம்பழம், கைப்பிடி தயிர் சாதம். நூறு கிராம் வேர்க்கடலையில் ஐந்நூற்றைம்பது கலோரிக்கு மேலும், இருபத்தைந்து கிராம் புரதமும் உண்டு. இரண்டு உருண்டை தின்றால் அது தின்ற மட்டும் லாபம். பள்ளியில்தான் ஒரு சங்கடம் நேர்ந்தது. இடைவேளையில் தவிர வகுப்பில் வாயில் எதையும் போடக்கூடாது என்ற நியமத்தைத் தளர்த்த, மருத்துவர் கடிதமும் என் மகளின் இரண்டு நாள் விடுமுறையும் தேவைப்பட்டன. மாத்திரைக்காக எந்தக் கேள்வியும் கேட்காத நிர்வாகம், கடலை உருண்டைக்காக ஒரு கூட்டம் போட்டது.

நாலு மணிக்கு மெல்லுவதற்கு மனம் வராது, குடிப்பதற்கு வரும். ஆகையால் சத்துமாவுக் கஞ்சி பாலில், அல்லது வாழைப்பழத்தை அடித்துக் கலந்த பால். அதன் பிறகு இரவு. ஏழரைக்கு ஒரு சாப்பாடு, ஒன்பதுக்கு இன்னொன்று. "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அடுப்பு மூட்டறதா? குடும்பத்துக்கு ஆகுமா?" என்று கேட்ட என் மனைவி, இப்போது எட்டே முக்காலுக்கே தோசைக்கல்லை ஏற்றிவிட்டு அவன் வருகிறானா என்று எட்டிப் பார்க்கிறாள்.

குழந்தைகளோடு மட்டும் இது முடிவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும், எனக்குத் தெரிந்த ஒரு பெண், முப்பதாவது வயதில் இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டு மருந்து தொடங்கினாள். காலையில் ஒரு காபி, பிறகு இரவு வரை ஒன்றுமில்லை. பசியும் இல்லை, ஞாபகமும் இல்லை. நாலு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியபோது, அலுவலகத்தில் ஒருவரும் "உனக்கு என்ன?" என்று கேட்கவில்லை, "என்ன டயட், எங்களுக்கும் சொல்லேன்" என்றுதான் கேட்டார்கள். இளைப்பு பாராட்டப்படுகிற இடத்தில் க்ஷீணம் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைக்காவது ஒரு தையற்காரர் இருந்தார்.

தியாகராய நகருக்கு மாதந்தோறும் போகும்போது எனக்கு ஒரு நினைவு வருவதுண்டு. அந்தப் பேட்டைக்குத் தம் பெயரைத் தந்த பிட்டி தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோதுதான், 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, நாளொன்றுக்கு ஒரு குழந்தைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி கொடுப்பதென்று சென்னை நகரசபை தீர்மானித்தது. வயிறு காலியாக இருந்தால் பாடம் ஏறாது என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே நிர்வாக விஷயமாக்கிய ஊர் இது. அந்த வழியில் காமராஜர் வந்தார், எம்.ஜி.ஆர். வந்தார்; காலை உணவுத் திட்டம் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானபோது, 2025 ஆகஸ்ட் 26 அன்று அதைத் தொடங்கிவைத்தது எங்கள் மயிலாப்பூரிலேயே, புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்தான்.

அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில் படிக்கும் ஒரு குழந்தைக்கு இந்த மாத்திரை எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு விரைகிற தாய் வீட்டிலேயே ஆறரைக்கு மாத்திரையைக் கொடுத்துவிடுகிறாள். சுடச்சுட உப்புமாவோ பொங்கலோ பள்ளியில் பரிமாறப்படும்போது பசி அடங்கத் தொடங்கியிருக்கும். மதிய உணவோ மருந்தின் உச்ச நேரத்தில் வருகிறது. அரசாங்கம் கொடுக்கிற இரண்டு வேளை உணவையும், அரசாங்கம் பூட்டிக் காக்கிற ஒரு மாத்திரை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். அந்தத் தாய்க்கு, "காலை உணவு ஆனபிறகு மாத்திரை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், பள்ளியில் பொறுப்பான ஒருவர் அதைக் கொடுப்பதற்கு வழி செய்திருந்தால், பாதிக் கஷ்டம் தீரும். அந்த ஒரு வரிக்குச் சீட்டில் இடமில்லையா?

ஆகையால் நான் கேட்பது சொற்பம். எக்ஸ் அட்டவணை மருந்துகளைத் தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ எழுதிக் கொடுக்கக்கூடாது என்று 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டி தடுத்திருக்கிறது. அப்படியானால் நோயாளி நேரில்தான் வரவேண்டும். வந்த நோயாளி மருத்துவரின் எதிரே, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். இயந்திரத்தின் மேல் ஏறி இறங்க அரை நிமிஷம். அந்த எண்ணைச் சீட்டிலேயே, மருந்தின் பெயருக்கு மேலே, தேதிக்குப் பக்கத்தில் எழுதவேண்டும். குழந்தையானால் உயரத்தையும் சேர்த்து. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை எடை, ஆறு மாதத்துக்கொரு முறை உயரம் என்று நான் மேலே சொன்ன பிரிட்டிஷ் வழிகாட்டி விதிக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் நம் குழந்தைகளுக்கென்றே வகுத்த வளர்ச்சி வரைபடம் 2015 முதல் இருக்கிறது. அந்த வளைகோட்டில் குழந்தை கீழ்நோக்கிச் சரிகிறதென்று தெரிந்தால், அளவைக் குறைப்பதா, வகையை மாற்றுவதா, கோடை விடுமுறையில் சில வாரம் ஓய்வு கொடுப்பதா, பசியை இவ்வளவு தொந்தரவு செய்யாத வேறு மருந்துக்குப் போவதா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு எத்தனையோ வழிகள் உண்டு. எண் இல்லாமல் இவற்றில் ஒன்றையும் அவர் செய்ய முடியாது. மருந்து இருப்பைச் சோதிக்க வருகிற அதிகாரி புரட்டுகிற அதே சீட்டில் அந்த எண்ணும் இருந்தால், யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் வீட்டில் இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, குளிப்பதற்கு முன், எடை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பால் கணக்கு எழுதுகிற கட்டத்திலேயே என் மனைவி அதையும் எழுதிவிடுகிறாள்: நீலம் 1, ஆரஞ்சு 2, அடியில் 26.9; அடுத்த மாதம் 27.4, அதற்கடுத்த மாதம், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்ததால், 27.2. போன மாதம் மருத்துவரிடம் அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனோம். அவர் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதை நானே செய்திருக்கவேண்டும்" என்று சொல்லி, கோப்பில் சேர்த்துக்கொண்டார். மேஜைக்குக் கீழே இருந்த இயந்திரத்தையும் வெளியே இழுத்தார்.

நேற்று இரவு ஒன்பதேகாலுக்கு நாலாவது தோசை கேட்டான். மாவு தீர்ந்துவிட்டது. கடையில் விற்கிற பாக்கெட் மாவு இந்த வீட்டுப் படியேறக் கூடாது என்று நாற்பது வருஷமாக விரதம் காத்தவள், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் குளிர்பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, முனையைக் கத்தரித்தாள்.